வலப்பக்கக் கண்ணாடி

வேனில் அன்று நாங்கள் நான்கு பேர். ஓட்டியவர் ஜலாலுதீன் பாய். அவருக்கு இடப்பக்கம், முன்னிருக்கையில் முபாரக். பின்னால் ஒரே வரிசை. அதில் வலப்பக்கம், கண்ணாடியை ஒட்டி, ரஞ்சன். இடப்பக்கம், கதவை ஒட்டி, நான். எங்கள் இருவருக்கும் நடுவில் என் பை. வரிசைக்குப் பின்னால் ஆள் யாரும் இல்லை. கண்ணாடிகளை நிறுத்திவைக்கும் மரச்சட்டமும் ஒரு பழந்துணி மூட்டையும்தான்.

மதிப்புக்குரிய வக்கீல் வசந்தகுமாரி மேடம், நீங்கள் முதலில் கேட்டது இதுதான். கேட்ட கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் சொல்லிவிட வேண்டும், வணக்கமும் விசாரிப்பும் பிறகுதான் என்று பேராவூரணியில் எங்கள் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். மனுவானாலும் கடிதமானாலும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன். கிராஞ்சித் தொழிலாளர் விடுதியில் யாருக்காவது தமிழில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். என் பெயர் தெய்வசிகாமணி. சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் வாகனங்களுக்குக் கண்ணாடி மாட்டும் பட்டறையில் வேலை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் பட்டறைக்கு வந்து சொன்னதையும் நினைவிலிருந்து எழுதிவிடுகிறேன். தவறிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

“ஜலால் அங்கிள் பிடிவாதமா இருக்காரு. நாளன்னைக்கு கோர்ட்டுல தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கப் போறேங்கிறாரு. ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. எனக்கு என்னமோ சரியாப் படல லா. பின் சீட்டுல நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. யார் யார் இருந்தாங்க, எங்க உட்கார்ந்தாங்க, அதுலேருந்து ஆரம்பிச்சு எழுதிக் கொடுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் ஜூனியர் காலேஜ் வரைக்கும் தமிழ் எடுத்தவ. ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும். எதிர் மாடிதான் என் ஆபீஸு.”

பாய்க்குச் சிறையா, ஓட்டுநர் உரிமத்தோடு போகுமா என்று முபாரக் கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றீர்கள். பாயின் மகள் இன்ஷா உங்களுக்குப் பின்னால் நின்று, எங்கள் பட்டறைத் தரையில் சிந்திக் காய்ந்திருந்த கறுப்புப் பசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கைக்குட்டை வைத்திருக்கலாம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

அந்த வேன் பட்டறையின் சொந்த வண்டி. காலையில் கிராஞ்சி விடுதியிலிருந்து எங்களை ஜாலான் புசாருக்குக் கூட்டிவரும், மாலையில் கொண்டுபோய் விடும். வயதான வண்டி. வலப்பக்கக் கண்ணாடியைச் சுற்றித் துரு ஏறி, மழை பெய்தால் உள்ளே கசிந்தது. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டுமானால் கண்ணாடியை இறக்கியாக வேண்டும். அது திறந்து மூடுகிற கண்ணாடி அல்ல. ஃபிக்ஸ் கிளாஸ் என்போம். இரும்புச் சட்டத்தின் மேல் கறுப்புப் பசையால் நேராக ஒட்டியிருக்கும். திருகு, ஆணி எதுவும் கிடையாது. அவ்வளவு பெரிய கண்ணாடியை அந்தப் பசை ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வண்டியில் போகிற யாருக்கும் தெரியாது. தெரிந்தால் யாரும் சாய மாட்டார்கள்.

இறக்குவதற்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைப் பசைக்குள் குத்தி நுழைத்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று மாறி மாறி இழுத்து, சுற்றிலும் அறுத்துக்கொண்டே வரவேண்டும். மாட்டும்போது சட்டத்தையும் கண்ணாடியின் ஓரத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுப் பசையை எங்கும் அறுபடாமல் ஒரே கோடாக விட்டு, கண்ணாடியை அதன்மேல் பதித்து அழுத்த வேண்டும். பசை இறுகும் வரை நழுவாமல் இருக்க, கண்ணாடியிலிருந்து வண்டியின் உடம்புக்குக் குறுக்கே நீல டேப் ஒட்டுவோம்.

அந்த நீல டேப்பில்தான் பாயின் வழக்கு நிற்கிறது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம்: டேப்பை ஒட்டியவர்தான் டேப்பை எடுக்க வேண்டும். முதலாளியே ஆனாலும் அடுத்தவர் ஒட்டியதில் கை வைக்க மாட்டார். டேப் இருக்கிற வண்டியை நகர்த்தக் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. டேப் இல்லையென்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனி ரஞ்சன்.

அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மன்னார்குடிப் பக்கம். நன்றாக உழைப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதலில் போய் நிற்பார். கையில் பிஸ்கட் இருந்தால் பாதியை உடைத்து நம் வாய்க்கு நேரே நீட்டுவார். அவர் கடித்த பாதிதான் பெரும்பாலும் நமக்கு வரும். அவர் மனைவி கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை, ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவார். கறுப்பும் பச்சையுமாக, சாக்கடைத் தண்ணீரின் நிறத்தில் இருக்கும். தினமும் காலையில் உள்ளங்கையில் குழியாக ஊற்றி உச்சியில் அறைந்து தேய்ப்பார். காதோரம் வழியும். சட்டைக் காலர் பச்சையாக இருக்கும். எங்கள் அறையில் எனக்கு மேல் கட்டில், அவருக்குக் கீழ்க் கட்டில். வாடைக்குக் கீழ் மேல் கிடையாது.

வேனில் ஏறியதும் வலப்பக்கக் கண்ணாடியில் தலையைச் சாய்ப்பார். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறுவதற்குள் தூங்கிவிடுவார். இறங்கும்போது கண்ணாடியில் ஒரு தோசை அளவுக்கு வட்டம் இருக்கும். நடுவில் மங்கல், ஓரத்தில் கெட்டி. அதில் பொடுகு, அறுந்த முடி, ஒட்டிச் செத்த கொசு. கன்னம் பட்ட இடத்தில் இன்னொரு சின்ன வட்டம். அதற்குக் கீழே எச்சில் வழிந்து காய்ந்த தடம், நத்தை ஊர்ந்ததுபோல. மத்தியான வெயிலில் வேனை நிறுத்திவைத்தால் அந்த எண்ணெய் சூடாகும். கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும். ஊசிப்போன குழம்பும் துவைக்காத தலையணை உறையும் கலந்த வாடை. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் கண்ணாடி வேலை செய்கிறவன். ஒரு விரல் ரேகை இருந்தாலும் வாடிக்கையாளரிடம் கொடுக்க மாட்டேன். அந்த வட்டத்தைத் தினமும் துடைத்தேன். துடைத்த பிறகும் விரல் வைத்தால் வழுக்கும்.

நான் சொல்லாமல் இல்லை. ஒரு நாள் காலை எல்லார் முன்னாலும்தான் சொன்னேன்.

“ரஞ்சன், சீட்டுல சாஞ்சு தூங்கினா என்ன?”

“சீட்டு சுடுது டாக்டரே. கண்ணாடிதான் ஜில்லுன்னு இருக்கு. என்ன, இந்தக் கண்ணாடி உங்களுக்குச் சீதனமா வந்ததா?”

முன்னாலிருந்த முபாரக் திரும்பாமலே, “டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாருப்பா, எல்லாரும் நகத்தைக் காட்டுங்க” என்றார்.

“எனக்கு விட்டுருங்க டாக்டர், நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன்” என்றார் ஜலாலுதீன் பாய்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடிக்கிற டம்ளரை நான் தினமும் வெந்நீரில் கழுவுவதால் வைத்த பெயர் அது. எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஞாயிறு தேக்கா சந்தையில் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் தலையணை ஒன்றை வாங்கி ரஞ்சனிடம் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டார். மறுநாள் வேனில் அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கினார்.

கண்ணாடியை இறக்கியது நானும் அவரும்தான். வெளியே நான், உள்ளே அவர். கம்பி அறுத்து முடித்துக் கண்ணாடியைத் தூக்கியபோது அடிப்பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். இத்தனை நாள் வழிந்த எண்ணெய் கண்ணாடி வழியே இறங்கி, உள் ஓரத்தில் தேங்கி, தூசியோடு குழைந்து களியாகியிருந்தது. அதில் முடி முடியாக. ஒரு நகத்துண்டு. கரப்பானின் வெறும் ஓடு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ரஞ்சன் அதை ஒரு விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார்.

“அட, நம்ம எண்ணெய்தான். இன்னும் வாசம் போகல பாருங்க டாக்டரே” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வேன் பெயின்டுக்குப் போயிருந்த நாட்களில் பஸ்ஸில் வந்துபோனோம். கிராஞ்சியில் பஸ் எப்போதாவதுதான் வரும். காத்திருந்ததில் நனைந்து எனக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டுப் படுத்தேன். என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கண் விழித்தபோது என் தலை பாரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. நெற்றியிலிருந்து ஏதோ வழிந்து புருவத்தில் நின்றது. தலையணை நனைந்திருந்தது. எட்டாத என் மேல் கட்டிலுக்கு நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டு, ரஞ்சன் என் உச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சூடு எறங்கிடுச்சு பாருங்க. ராத்திரி என்னமா அனத்துனீங்க. வீட்ல அனுப்புனதுல அடி பாட்டில்தான் இருந்துச்சு, பாதியை உங்க தலையிலயே கொட்டிட்டேன். இப்ப நீங்களும் நம்ம ஆளு.”

அவர் விரல்கள் என் தலைமுடிக்குள் இருந்தன. சூடான, தடித்த, வழுக்குகிற விரல்கள். அவருடைய வட்டம் இப்போது என் தலையணையில் இருந்தது. நான் “நன்றி” என்றேன். அவர் வேலைக்குப் போன பிறகு கழிப்பறையில் குனிந்து, வயிற்றில் இருந்த எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். துணி சோப்பால் தலையைத் தேய்த்தேன். போகவில்லை. அன்று மாலையே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். தலையணையை எறிந்தேன். அப்போதும் அந்த வாடை எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. என் தோலிலிருந்தே வருகிறதென்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் செய்தது உதவி என்று எனக்குத் தெரியும் மேடம். அதனால்தான் கோபப்பட முடியவில்லை. கோபப்பட்டுச் சண்டை போட்டிருந்தால் அதோடு போயிருக்கும்.

பெயின்ட் முடிந்து வேன் வந்தது. காய்ச்சல் விட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்று, “கண்ணாடிய நீயே மாட்டிடு மணி, உன் கைதான் சுத்தம்” என்றார் முதலாளி. மாலையில் மாட்டி, நீல டேப் ஒட்டிவிட்டு, எல்லாருமாகப் பஸ்ஸில் விடுதிக்குப் போனோம். மறுநாள் காலை பாய் வழக்கம்போலக் குழாய் போட்டு வேனைக் கழுவித் துடைத்தார். அன்று மாலை வேனில் டேப் இல்லை. டேப் இல்லாததைப் பார்த்துப் பாய் வண்டியை எடுத்தார். நாங்கள் ஏறினோம்.

கிராஞ்சிக்கு இறங்குகிற இடத்தில் சாலை இடப்பக்கமாக வளையும். எங்களுக்கு வலப்பக்கம் ஒரு லாரி கூடவே வளைந்தது. பாய் வேகமாகப் போகவில்லை. இதை நீங்கள் நீதிமன்றத்தில் சொல்லலாம். வளைவில் எல்லார் உடம்பும் வலப்பக்கம் சரிந்தது. கண்ணாடி சத்தமில்லாமல் வெளியே போயிற்று. ரஞ்சன் இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார், அதனால் விழவில்லை. தலையும் தோளும் மட்டும் வெளியே போயின. அங்கே லாரியின் பக்கப் பலகை இருந்தது. கண்ணாடி லாரியின் பின்சக்கரத்தில் பொடியாயிற்று.

பாய் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து ரஞ்சனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தன் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தார். அவர் கை முழங்கை வரை என்ன ஆயிற்று என்பதை எழுத விரும்பவில்லை. முபாரக் ஆம்புலன்சை அழைத்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு சாலையோரப் புல்லில் நின்றேன்.

வேனைச் சோதித்தவர்கள், பசை இறுகுவதற்கு முன்பே வண்டியை எடுத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். டேப்பை எடுத்தது யார் என்று கேட்டார்கள். நான் டேப் ஒட்டியதை முதலாளி பார்த்திருந்தார். ஒட்டினேன் என்றேன், அது உண்மை. இரண்டு நாள் கழித்துப் பட்டறைப் பின்பக்கம் பாய் என்னிடம் வந்தார். குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

“மணி, நான்தான் உரிச்சிருப்பேன் போல. காலையில வண்டி பூரா இலையும் காக்கா எச்சமும் என்னென்னமோ ஒட்டிக் கெடந்துச்சு. எல்லாத்தையும் சுரண்டிச் சுரண்டிப் போட்டேன். கை அது பாட்டுக்குச் செய்யும். டேப்பைப் பார்த்த ஞாபகமே வரல்ல. நீ அங்க நின்னுக்கிட்டு இருந்தியே, பார்த்தியா?”

“நீங்க துடைச்சதைப் பார்த்தேன் பாய்.”

“டேப்பை?”

“துடைச்சதைப் பார்த்தேன்.”

அவர் எழுந்து குழாயை இறுக்கி மூடினார். பிறகு, “அப்ப நான்தான்” என்றார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். போலீஸ் கேட்டபோதும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

ரஞ்சன் பிழைத்துக்கொண்டார். இப்போது பேச்சு இல்லை. கண் திறந்து பார்ப்பார், ஆனால் எதைப் பார்க்கிறார் என்று தெரியாது. ஞாயிறுதோறும் நான் போகிறேன். மற்றவர்கள் போகப்போகக் குறைத்துக்கொண்டார்கள், நான் நிறுத்தவில்லை. தலையை மழித்துத் தைத்திருக்கிறார்கள். எண்ணெய் இல்லை, பொடுகு இல்லை. வாயோரம் வழிவதை நர்ஸ் உடனுக்குடன் துடைத்துவிடுகிறார். வெள்ளைத் தலையணை வெள்ளையாகவே இருக்கிறது. அவர் பக்கத்தில் நான் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தது அங்கேதான் முதல் முறை. “சொந்த அண்ணனா? நல்லாப் பார்த்துக்கிறீங்க” என்று ஜோகூரிலிருந்து வரும் நர்ஸ் ஒருவர் கேட்டார்.

ரஞ்சனின் மனைவி வீடியோவில் வந்து கணவரைப் பார்ப்பார். போனை நான்தான் பிடிப்பேன். போன வாரம் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தார்.

“அண்ணே, கொஞ்சமா தொட்டு உச்சியில வச்சு விடுங்கண்ணே. அது இல்லாம அவருக்குத் தூக்கமே புடிக்காது. அந்த வாசத்துலயாச்சும் வீட்டு ஞாபகம் வரட்டும்.”

“எண்ணெயே படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா” என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பாட்டிலை மருத்துவமனைக் குப்பைத் தொட்டியில், துணியில் சுற்றிப் போட்டேன். இந்த ஒன்றைப் பொய் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இனி நீங்கள் கேட்காததை எழுதுகிறேன்.

டேப்பை எடுத்தது நான். ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும். அந்த வழக்கத்தை நான் மீறவில்லை. பாய் குழாயைத் திறப்பதற்கு முன்பே வந்து, ஒவ்வொன்றாக உரித்து, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாயின் கை ஒரு டேப்பிலும் படவில்லை.

பசை காயாததால் கண்ணாடி போகவில்லை. அந்தப் பசை ஓர் இரவில் ஆள் தொங்குகிற அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. பிடித்த மாதிரி இருக்கும், தட்டிப் பார்த்தாலும் தெரியாது. ரஞ்சனின் பாட்டிலில் மிச்சமிருந்ததிலிருந்து கொஞ்சத்தை, கண்ணாடி மாட்டிய அன்று காலையே எடுத்து வைத்திருந்தேன். இரண்டு கையுறை, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டிய இடத்தில் அந்த எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினேன். மேல்பக்கம் கொஞ்சம் விட்டுவைத்தேன், கண்ணாடி நிற்க வேண்டுமல்லவா. அதன்மேல் பசையை அறுபடாமல் விட்டேன். நான் செய்த வேலைகளிலேயே பார்க்க மிக அழகாக இருந்தது அதுதான். முதலாளி வந்து பார்த்து, “இதான் வேலை” என்றார்.

ரஞ்சனுக்கு ஒரு அதிர்ச்சி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி கொஞ்சம் நகரும், பயந்து நிமிர்ந்து உட்காருவார், பிறகு ஆயுளுக்கும் சாய மாட்டார். இப்படித்தான் நினைத்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எழுதும்போது வேறு சிலவும் நினைவுக்கு வருகின்றன.

வேனில் ஏறியதும் ரஞ்சன் சாயவில்லை. அவரும் இந்த வேலை தெரிந்தவர்தானே. கண்ணாடி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முன்னால் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கேட்டிருக்காது.

“டேப் எடுத்தாச்சா டாக்டரே? சாயலாமா?”

“சாயுங்க” என்றேன்.

“திட்ட மாட்டீங்களே?”

“மாட்டேன். தூங்குங்க.”

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மாறிவிட்டேன் என்று நினைத்திருப்பார். என் முழங்காலில் தட்டிக்கொடுத்துவிட்டுச் சாய்ந்தார்.

வழியெல்லாம் நான் தூங்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும்போது கீழ் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், நூல் அளவுக்கு. பிறகு விரல் அளவுக்கு. லாரி பக்கத்தில் வருவதும் தெரிந்தது. ஒரு கை நீட்டி அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம். நடுவில் என் பை மட்டும்தான் இருந்தது. கையை நீட்டவும் செய்தேன், மேடம். ஆனால் அவர் காதோரம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. வாய் திறந்து, எச்சில் கோடாகத் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாக நின்றுவிட்டது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இவ்வளவுதான். ஜலாலுதீன் பாய் மேல் ஒரு தவறும் இல்லை. இதைப் படித்த யாரும் அவரைத் தண்டிக்க முடியாது. கீழே முழுப் பெயரும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லை.

உங்கள் அலுவலகம் எதிர் மாடியில்தான் இருக்கிறது. இன்று மாலை இதை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து படி வரைக்கும் வந்தேன். மேலே விளக்கு எரிந்தது. பாயின் குரல் கேட்டது, அவர் மகள் அழுவதும் கேட்டது. நான் உள்ளே வந்தால் பாய் எழுந்துவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். இதைப் படித்த பிறகும் பிடித்துக்கொள்வார், அவர் அப்படிப்பட்டவர். அழுவார். அவருக்கு அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகும். என் கைமேல் விழும். நினைத்தபோதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். இறங்கிவிட்டேன்.

அதனால் தபாலில் அனுப்புகிறேன். நாளைக் காலை அவர் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட பிறகு, நாளை மறுநாளோ அதற்கடுத்த நாளோ உங்களுக்குக் கிடைக்கும். சொன்னதைத் திருத்திக்கொள்ள அங்கே ஏதாவது வழி இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் படித்தவர். உண்மையைச் சொல்லிவிட்டேன், அதுதான் முக்கியம். மனசு கழுவிவிட்டதுபோல இருக்கிறது.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். இன்றைய கடிதங்களை எடுக்கும் ஆள் சற்று முன்புதான் வந்தார். பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, இருக்கிறதா என்பதுபோல என்னைப் பார்த்தார். மை காயாமல் மடித்தால் எழுத்து அப்பிக்கொண்டு அசிங்கமாகிவிடும். இல்லை என்று தலையாட்டினேன். அவர் வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது.

மை காய்ந்துவிட்டது. மடித்து, உறையில் வைத்து, ஒட்டி, பெட்டிக்குள் போடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. தெய்வசிகாமணி